முளைத்தால் வருகிறேன் என்று சொன்ன சம்பந்தி அம்மாவுக்கு

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு, உங்கள் மருமகனைப் பெற்றவள் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மகன், உங்கள் மகள், நம் இருவருக்கும் பொதுவான பேத்தி எல்லாரும் நலம். அங்கே உங்கள் நலத்தையும், படியில் சறுக்கி விழுந்து வீங்கிய உங்கள் முழங்காலின் நலத்தையும் கேட்டு எழுதச் சொன்னது உங்கள் மகள். நானாகக் கேட்கவில்லை. போன தடவை நானாகக் கேட்டதற்கு, "கேக்கறதுக்கு என்ன, வாய் வலிக்கவா போகுது" என்று பதில் சொன்னீர்கள். அதனால் இந்தத் தடவை உங்கள் மகளின் வாயால் கேட்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் நீங்கள் குறுக்கே நாலு பேச்சு ஓட்டிவிட்டு, "சரி சம்பந்தி, குக்கர் கத்துது" என்று வைத்துவிடுகிறீர்கள். தனியாக இருக்கிற ஒருத்தருக்கு எத்தனை குக்கர்தான் கத்தும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கடிதத்தில் குக்கர் கத்தாது. நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான், எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும். முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். முளைத்துவிட்டது. உங்கள் ஆட்டுக்காதுச் செடி, அந்த மெத்தென்ற சாம்பல் இலைச் செடி, நீங்கள் அனுப்பிய விதையில், என் கையில் முளைத்துவிட்டது. இனிமேல் நீங்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எந்தப் பெட்டி, நான் எப்போது சொன்னேன் என்று கேட்பீர்கள். உங்களுக்கு ஞாபகம் இல்லாவிட்டால் பரவாயில்லை, என் ஞாபகம் ஒன்றே நம் இரண்டு பேருக்கும் போதும். நீங்கள் விழுந்த மறுவாரம் உங்கள் மகள் போனில் உங்களைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள், "அம்மா, ஒத்தையில இருக்காத, இங்க வந்துடு" என்று. நான் சாப்பாட்டு மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அவள் கை ஈரமாக இருந்ததால் போனைச் சத்தமாகப் போட்டு மேஜைமேல் வைத்திருந்தாள், அது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொன்னீர்கள், என் செடிகளை விட்டுவிட்டு எங்கே வருவது, உங்கள் வீட்டு வாசலில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒரு இலை உண்டா, அங்கே வந்து நான் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவது என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். "உன் மாமியார் கையில என் விதை முளைக்கட்டும், அன்னைக்கே நான் பெட்டியக் கட்டுறேன்" என்றீர்கள். சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என் பட்டாணி அன்றைக்குப் பாதியில் நின்றது.

என் கையைப் பற்றி நீங்கள் பேசியது அதுதான் முதல் தடவை என்றால் மன்னித்திருப்பேன். கல்யாணம் முடிந்து முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தீர்களே, அன்றைக்கு டிவிக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் செடியைப் பார்த்து, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, "உங்க கை பட்டா பிளாஸ்டிக்கே வாடுது போலிருக்கே சம்பந்தி" என்றீர்கள். அது வாடவில்லை, வெயிலில் வெளுத்திருந்தது. அப்போது உயிரோடிருந்த உங்கள் வீட்டுக்காரர் சிரித்தார், என் மகன் சிரித்தான், நானும் சிரித்தேன். என்னுடையது பொய்ச் சிரிப்பு. நான் போட்ட டீயில் ஆடை மிதக்கிறது என்று ஒதுக்கி வைத்ததும் அன்றைக்குத்தான். கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த என் கறுப்புக் குடையை, மரப்பிடி போட்டது, பிடியில் ஒரு பக்கம் நாய் கடித்த தடம் இருக்கும், "நாளைக்கே குடுத்து அனுப்பறேன்" என்று வாங்கிப் போனீர்கள். நம் பேத்திக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தாயிற்று. உங்கள் நாளை இன்னும் விடியவில்லை.

சரி, குடையை அப்புறம் பார்ப்போம். உங்கள் மகள் கேட்டு நீங்கள் அனுப்பிய விதைப் பொட்டலம் தபாலில் வந்த அன்றே நீங்கள் போன் பண்ணினீர்கள். தட்டுக்கு அடியில் ஓட்டை போடுங்கள், மண்ணும் மணலும் பாதிக்குப் பாதி கலக்குங்கள், விதையைப் புதைக்காதீர்கள், மேலாகத் தூவி உள்ளங்கையால் லேசாக அமுக்குங்கள், அதற்கு வெளிச்சம் பட்டால்தான் முளை வரும், தண்ணீரைக் கையால் தெளித்தால் போதும், ஊற்றினால் அழுகிவிடும், ஒரு தடவை வேர் பிடித்துவிட்டால் மழை பொய்த்தாலும் வருஷக்கணக்கில் நிற்கும் என்றெல்லாம் சொன்னீர்கள். நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். போனை வைத்துவிட்டு யோசித்தேன். பந்தயம் கட்டியவள் எதிராளிக்கு ஜெயிக்கிற வழியைச் சொல்லிக்கொடுப்பாளா? எந்த ஊரிலாவது விதையைப் புதைக்காமல் விதைப்பார்களா? பிறந்த குழந்தைக்குப் பால் கொடுக்காதே, உதட்டை நனைத்தால் போதும் என்கிற மாதிரி இருக்கிறதே, இதில் ஏதோ சூது இருக்கிறது, என்னைத் தோற்கடிக்கத்தான் தலைகீழாகச் சொல்லித்தருகிறீர்கள் என்று முடிவு கட்டினேன். டீயை ஒதுக்கி வைத்தவர் வேறு எப்படிச் சொல்வார்? ஆகவே நீங்கள் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் ஞாபகத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நேர் எதிராகச் செய்தேன்.

ஓட்டை இல்லாத கேக் தட்டாகப் பார்த்து எடுத்தேன். மணல் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை, காய்கறித் தோலை மக்கவைத்த கறுப்பு உரத்தைத் தளதளவென்று நிரப்பினேன். விரலை விட்டுக் குழி பண்ணி, விதையைப் போட்டு மூடினேன். விதை எவ்வளவு பொடி என்று உங்களுக்கே தெரியும், நான் ஒரு தும்மல் போட்டதில் கொஞ்சம் எங்கே போனது என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. பாதியைத்தான் போட்டேன், மீதியை மடித்து என் மருந்து டப்பாவுக்குள் வைத்துக்கொண்டேன், நான் அவ்வளவு ஏமாளி இல்லை. வெயில் படாமல் மாடிப்படிக்கு அடியில் தட்டை வைத்து, காலையில் ஒரு மக்கு, சாயங்காலம் ஒரு மக்கு தண்ணீர். தாகத்தில் செத்தது என்ற பேச்சு மட்டும் எனக்கு வரக்கூடாது பாருங்கள்.

முதலில் கொசு வந்தது. பிறகு வாடை வந்தது. என் மகன் லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, "அம்மா, படிக்கு அடியில எலி ஏதாவது செத்துக் கிடக்கா?" என்று கேட்டான். உரம் அப்படித்தான் இருக்கும் போ என்றேன். ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், தட்டின் நடுவில் வெள்ளையாக, வழவழவென்று ஒன்று எழும்பி நிற்கிறது. தொட்டேன், மெத்தென்று இருந்தது. மெத்தென்ற இலைச் செடி என்றுதானே சொன்னீர்கள். வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டேன். மாடியில் குடியிருப்பவரையும் கூப்பிட்டேன். அவரை உங்களுக்குத் தெரியும், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், படித் திருப்பத்தில் ஒவ்வொரு தடவையும் தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் இறங்குவார், அதனால் நாங்கள் ஹாரன்காரர் என்போம். அவர் கனைத்துக்கொண்டே இறங்கி வந்து, குனிந்து பார்த்து, "அக்கா, இது காளான்" என்றார்.

குடை விரித்த மாதிரி நின்றது சம்பந்தி. நீங்கள் எடுத்துப்போன குடையை என் தட்டே சின்னதாகச் செய்து திருப்பிக் கொடுத்த மாதிரி. பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். மகன் வாயைப் பொத்திக்கொண்டு குளிக்கப் போனான். உங்கள் மகள் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே வாசல் கேட்டுப் பக்கம் போனேன். அங்கே மதிலை ஒட்டி உடைந்த டைலும் செங்கல் தூளும் மணலும் ஒரு மேடாகக் கிடக்கிறது, குளியலறையில் இடித்தது, எதற்கு இடித்தோம் என்று பின்னால் சொல்கிறேன். அந்த மேட்டின்மேல் தட்டை அப்படியே விசிறி அடித்தேன். மண் ஒரு பக்கம், காளான் ஒரு பக்கம் போய் விழுந்தது. என் கை உங்கள் பேச்சைக் காப்பாற்றிவிட்டது என்ற அவமானத்தில் அன்றைக்கு மத்தியானம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி சேர்த்துச் சாப்பிட்டேன்.

அதோடு விட்டிருப்பேன். நீங்கள் உங்கள் வீட்டில், நாங்கள் எங்கள் வீட்டில் என்று இருந்திருப்போம். ஆனால் அந்த வாரத்தில் ஒரு நாள் உங்கள் மகள் கடையிலிருந்து உங்களுக்குப் போன் போட்டிருக்கிறாள், நீங்கள் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டிருக்கிறாள். அவள் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவள், எதிரில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுத்தைப் படிக்கக் காத்திருக்கிறார், இவள் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வரியைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். கடைசியில் நீங்கள் எடுத்து, "குளிச்சிட்டு இருந்தேன், அதுக்குள்ள என்ன அவசரம்" என்றீர்களாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "அத்தை, மிச்ச விதைய அம்மா சொன்ன மாதிரி ஒரு தடவ போட்டுப் பாருங்களேன்" என்றாள். விதை மீதி இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. என் மருந்து டப்பாவை அடுக்கி வைப்பது அவள்தான்.

சரி என்று போட்டேன். மகனிடம் சொல்லித் தட்டில் ஓட்டை போட்டேன், அவனிடம் துளை போடுகிற மிஷின் இருக்கிறது. பாதி மணல் கலந்தேன். மேலாகத் தூவி உள்ளங்கையால் அமுக்கினேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் அடிக்கிற மேடையில் வைத்தேன். விரல் நுனியால் தண்ணீர் தெளித்தேன், எதிரிக்குச் சோறு போடுகிற மாதிரி அளந்து அளந்து. ஆனால் பாருங்கள், எப்போது போய்த் தொட்டாலும் மண் சொதசொதவென்று இருக்கிறது. அடி ஓட்டையில் சொட்டுகிறது. நான் தெளித்தது அவ்வளவு இல்லை. ஒருவேளை உங்கள் விதைக்கு வியர்க்கிறதோ என்றுகூட நினைத்தேன். பிறகுதான் சந்தேகம் வந்தது. ஒரு விடுமுறை நாளில், ஜன்னலுக்கு உள்பக்கம் நாற்காலியைப் போட்டு, முகத்தில் செய்தித்தாளை மூடிக்கொண்டு, குறட்டை விடுகிற மாதிரி விட்டேன்.

முதலில் என் மகன் வந்தான். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, தன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைத் தட்டில் கவிழ்த்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் உங்கள் மகள் அரிசி கழுவிய தண்ணீரோடு வந்தாள். அவள் போனதும் பேத்தி வந்து, வாய் கொப்பளித்துத் தட்டில் துப்பினாள், அதுவும் பயிருக்கு ஆகும் என்று நினைத்தாளோ என்னவோ. கடைசியாக மேலேயிருந்து ஒரு கனைப்பு. கனைப்பைத் தொடர்ந்து ஒரு செம்புத் தண்ணீர், தட்டில் பாதி, என் செய்தித்தாளில் பாதி.

எல்லாரையும் கூடத்தில் நிறுத்தி விசாரித்தேன். மகன் ஒரு வாய்தான் ஊற்றினேன் என்றான். பேத்தி அதுவும் தண்ணிதானே பாட்டி என்றாள். ஹாரன்காரர், பாவம் அக்கா குனிய முடியாமல் இருக்கிறாரே என்று ஒத்தாசை செய்ததாகச் சொன்னார். உங்களுக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று அவரிடம் கேட்டேன். "அந்தம்மா வந்தா சீட்டாட ஒரு ஆள் ஆச்சுக்கா. நீங்க தோத்தா ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீங்க" என்றார். இதையும் எழுதி வைத்துக்கொள்ள எனக்கு நோட்டு தேவையில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காத செடியை நாலு பேர் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் ஊற்றி மூழ்கடித்திருக்கிறார்கள். நான் கத்தத் தொடங்கினேன். உங்கள் மகள் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா மறுபடி விழுந்தா, யாராச்சும் வந்து கதவத் தட்டற வரைக்கும் தரையிலயே கிடப்பாங்க அத்தை. அத நெனச்சா என் கை சும்மா இருக்க மாட்டேங்குது. எதையாச்சும் ஊத்தணும் போல இருக்கு."

தட்டை எடுத்து ஈரம் வடியச் சாய்த்து வைத்தேன். இனிமேல் இதன் பக்கத்தில் யார் தண்ணீரோடு வந்தாலும் அவர்கள் தலையில்தான் ஊற்றுவேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். உள்ளே போய் என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்.

அந்த நேரம் பார்த்து இன்னொரு கஷ்டம். என் கண்ணாடியின் ஒரு கால் ஆடுகிறது என்று உங்கள் மகள் கண்டுபிடித்தாள். எனக்கு ஆடியதாகவே தெரியவில்லை. கழற்றிக் கடைக்கு எடுத்துப்போனாள், ஸ்குரூ வரவேண்டும் என்றாள், மறுநாள் கேட்டால் வந்த ஸ்குரூ சேரவில்லை என்றாள், இன்றுவரைக்கும் கண்ணாடி வந்தபாடில்லை. இந்தக் கடிதத்தைக்கூடப் பேத்தியின் ஸ்கெட்ச் பேனாவில் தடித்தடியாக எழுதுகிறேன். வரி மேலும் கீழுமாகப் போனால் பழி ஸ்குரூவுக்கு.

அப்படி நான் கண் மங்கிக் கிடக்கும்போதுதான் நடந்தது. நேற்றுக் காலையில் உங்கள் மகள் ஜன்னல் பக்கம் நின்று, "அத்தை, இங்க வந்து தொட்டுப் பாருங்க" என்று கூப்பிட்டாள். பார்க்கக் கண் இல்லாவிட்டால் என்ன, விரல் இருக்கிறது. தொட்டேன். சம்பந்தி, நான் ஒத்துக்கொள்கிறேன், அப்படி ஒரு மென்மையை நான் எந்த இலையிலும் தொட்டதில்லை. பேத்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி அவள் காதைத் தொட்டுப் பார்த்தேன், பூனைமயிர் படர்ந்து வெதுவெதுவென்று இருந்தது. நீங்களும் அந்தப் பக்கத்துக் காதைத் தொட்டுக்கொண்டு நின்றீர்கள். அதே மென்மை. தட்டு முழுக்கத் தடவினேன், ஐந்து செடி. நீங்கள், வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும், முதலில் மொழுமொழுவென்று சின்ன இலைதான் வரும், ரோமமெல்லாம் பிறகுதான் என்றீர்கள். என் கையில் அதெல்லாம் இல்லை. முந்தின நாள் வெறும் மண், மறுநாள் ரோமத்தோடு விரல் நீள இலை. ராசி என்றால் இதற்குப் பெயர்தான் ராசி. உங்கள் மகள் சிரித்தாள், கூடவே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். சந்தோஷம் வந்தால் அவளுக்கு அப்படித்தான், உங்கள் பக்கத்துப் பழக்கம்.

ஆகவே பெட்டியைக் கட்டுங்கள். நான் ஆசைப்பட்டுக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பந்தயம் என்றால் பந்தயம். துணி தேய்க்கிற சின்ன அறையை ஒழித்துவிட்டேன், அங்கே சும்மா ஒரு கட்டில் கிடக்கட்டுமே என்று போட்டிருக்கிறோம். கட்டில் தாழ்வானது, உங்களுக்காக இல்லை, கடையில் அதுதான் இருந்தது. ஜன்னல் வழியாக வாசல் கேட்டும் மதிலும் தெரியும். குளியலறை வாசலில் ஒரு படி இருந்ததே, நீங்கள் கால் தடுக்கி, இதென்ன வீடா மலையா என்று கேட்டீர்களே, அதை என் மகன் ஆள் வைத்து இடித்துச் சமமாக்கிவிட்டான். அந்த இடிபாடுதான் கேட்டுப் பக்கம் கிடக்கிறது. சுவரில் கைப்பிடி ஒன்று மாட்டியிருக்கிறான், பழைய லிஃப்டிலிருந்து கழற்றியது, எத்தனையோ பேரை ஏற்றி இறக்கிய பிடி, உங்கள் ஒருத்தரைத் தாங்காதா? அங்கே உங்கள் செடிகளை யார் பார்ப்பது என்று மறுபடி தொடங்காதீர்கள். தண்ணீரே கேட்காத செடிக்குப் பக்கத்தில் காவல் எதற்கு? அவை உங்களைவிடத் தைரியசாலிகள். விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாதது நீங்கள்தான். வரும்போது டீயில் ஆடை இல்லாமல் வடிகட்டித் தருவேன், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். குடை கட்டாயம் வரவேண்டும். குடை இல்லாமல் வந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும்.

வயதில் நான் மூத்தவள் என்பதால் உங்களுக்கு ஆசி சொல்கிறேன். நீங்கள் மூன்று மாதம் மூத்தவர் என்று நீங்கள் சொல்லிக்கொள்வது தெரியும், அதையும் நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். முழங்கால் வீக்கம் வற்றி, ஒரு கைத்துணையோடு பஸ் ஏறும் அளவுக்குத் தெம்பு வரட்டும். உங்கள் சாம்பல் நிறச் செடிகள் எல்லாவற்றுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். உங்களுக்கு மரியாதை மட்டும்.

இப்படிக்கு,
ஜெயித்துவிட்ட சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டு ஒட்டப் போகும் நேரத்தில் கண்ணாடி வந்துவிட்டது. ஸ்குரூ கிடைத்துவிட்டதாம். எழுத்து சின்னதாக மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், இது என் சொந்தப் பேனா. கண்ணாடியைப் போட்டதும் முதல் வேலையாக என் ஐந்து செடியையும் போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு செடியைச் சுற்றியும் கோப்பையிலிருந்து கவிழ்த்த மாதிரி ஒரு வட்டம். வட்டத்துக்குள் இருப்பது தேங்காய் நார்த்தூள். நான் போட்டது மண்ணும் மணலும். நார்த்தூளில் வளர்ப்பது செடிக் கடைக்காரர்கள். ஒன்றை மெல்லத் தூக்கிப் பார்த்தேன், அடியில் என் மணல் அப்படியே இருக்கிறது, ஒரு முளை இல்லை.

ஆக, மேலே எழுதியதெல்லாம் ரத்து. முளைக்கவில்லை. நீங்கள்தான் ஜெயித்தீர்கள். என் கை நீங்கள் சொன்ன கைதான். உங்கள் மகள் அடுப்படியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள், இந்த வீட்டில் அவள் பாட்டைக் கேட்டு நாளாயிற்று. நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவைக் கூட்டிவர ஒருத்தி மாமியாரின் கண்ணாடியையே திருடியிருக்கிறாள். எனக்குச் செய்ததை நான் மறக்கிற ஆள் இல்லை, இதையும் மறக்கமாட்டேன், ஆனால் இந்த ஒன்றை மட்டும் வெளியில் எடுக்கமாட்டேன். நீங்களும் எடுக்கக்கூடாது.

தோற்றவள் கடிதம் எதற்கு என்று கிழித்துப்போடக் குப்பைத் தொட்டிக்குப் போனேன். தொட்டி கேட்டுப் பக்கம், அந்த இடிபாட்டு மேட்டை ஒட்டி இருக்கிறது. கண்ணாடி போட்டிருந்தேனா, உடைந்த டைலுக்கும் மணலுக்கும் நடுவில் சாம்பல் பூத்த மாதிரி என்னவோ தெரிந்தது. குனிந்தேன். குனிய முடியாது என்று யார் சொன்னது? நகத்தளவு இலைகள் சம்பந்தி, கீழ் இரண்டும் மொழுமொழுவென்று, மேல் இரண்டில் இப்போதுதான் ரோமம். நீங்கள் சொன்னபடியே. எண்ணவில்லை, எண்ணினால் கண் பட்டுவிடும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, அவை அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. மேட்டை அள்ளிப்போட வருவதாக இருந்த ஆளை வரவேண்டாம் என்று மகனை விட்டுச் சொல்லிவிட்டேன்.

இதை நான் விதைத்தேன் என்று சொல்ல முடியாது, விசிறி அடித்தேன். விசிறியது என் கைதான், ஆகவே என் கையில் முளைத்தது என்பது என் கட்சி. கை இல்லை, கோபம்தான் முளைத்திருக்கிறது என்பீர்கள் நீங்கள். இது போனில் தீராது, குக்கர் கத்திவிடும். நேரில் வந்து, அந்த மேட்டுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை, வருஷக்கணக்கில் நிற்கிற செடி என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அது நிற்கிற வரைக்கும் யோசித்துச் சொல்லலாம்.

குடையை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். திரும்பிப் போகிறவர்களுக்குத்தான் குடை வேண்டும்.